இங்கிலாந்துச் சேற்றில் ஒரு சாற்றுமுறை

பாலக்கரையில் நான் ஏறும் டவுன் பஸ்ஸில் இடது பக்கம், ஜன்னலோரம் சம்பத் உட்கார்ந்திருப்பார். பக்கத்து இடத்தில் அவருடைய டிபன் பை உட்கார்ந்திருக்கும். நான் ஏறியதும் பை அவர் மடிக்குப் போகும், நான் உட்காருவேன். போன மாதம் ஒரு திங்கட்கிழமை அந்த சீட்டில் வேறு யாரோ இரண்டு பேர் இருந்தார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்டக்டரைப் பார்த்தேன். அவர் டிக்கெட் கிழிக்காமல் என் அருகில் வந்து நின்றார். "சார், உங்களுக்குத் தெரியாதுங்களா? சாமி காலைல தவறிட்டாருங்க. நெஞ்சு வலியாம். அம்மாமண்டபம் ஸ்டாப்புல சொன்னாங்க." அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய் ஸ்ரீரங்கம் பஸ்ஸைப் பிடித்தேன். ஆபீசுக்கு லீவு சொல்லவேண்டும் என்ற நினைப்பே காவிரிப் பாலம் தாண்டிய பிறகுதான் வந்தது.

கன்டோன்மென்ட் இன்சூரன்ஸ் ஆபீஸில் அவரோடு வேலை பார்த்த நண்பர்கள், யூனியன் மலரில் அவரைப் பற்றி எழுதும்படி என்னிடம் சொன்னார்கள். "பஸ்ஸிலயும் நீதான் பக்கத்துல, ஆபீஸ்லயும் நீதான் பக்கத்துல. வேற யாரு எழுதுறது சூசை?" என்றார்கள். நியாயம்தான். ஆனால் நான் உருகி எழுதுகிற ஆள் இல்லை. இறப்புக் கோரிக்கைகளைப் பார்க்கும் பிரிவில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவனுக்கு மரணம் என்பது மேலே 'அவசரம்' என்று எழுதிய ஒரு ஃபைல். உங்களில் பலருக்கு சம்பத் என்றால், பெண்டாட்டியோடு சீமைக்குப் போய் ஹெவி மெட்டல் கச்சேரி கேட்டுவிட்டு வந்த ஐயங்கார். அதைச் சொல்லிச் சொல்லி நாம் சிரித்திருக்கிறோம். நானும்தான் சிரித்தேன். அந்தப் பயணத்துக்காக அவர் எதைக் கொடுத்தார் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதை மட்டும் எழுதுகிறேன்.

ஸ்ரீரங்கத்தில், கீழச் சித்திர வீதியில் அவர் வீடு. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன சன்னிதி. பெயர் வேண்டாம்; அங்கே இருப்பவர்கள் இன்னும் என்னோடு பேசுகிறார்கள், அது அப்படியே இருக்கட்டும். அந்த சன்னிதியில் பாசுரம் சேவிக்கிற கோஷ்டி ஒன்று உண்டு. சேவிப்பது என்றால் அவர்கள் பேச்சில் ஓதுவது. வீதியில் சாமி புறப்படும்போது கோஷ்டி முன்னால் போகும், சாமி பின்னால் வரும். பூணூல் போட்ட வயதிலிருந்து சம்பத் அந்தக் கோஷ்டியின் முன் வரிசையில் நின்றவர். அவருடைய அப்பா நின்ற இடம் அது. ஒரு தடவை என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். இரண்டு பக்கமாகப் பிரிந்து எதிரெதிரே நிற்கிறார்கள். ஒரு பக்கத்தார் முன்னடி எடுக்கிறார்கள், எதிர்ப்பக்கம் பின்னடி சொல்லி முடிக்கிறது. கூரை கிழிகிற குரல். ஆபீஸில் 'ஒரு பேனா கொடும்' என்பதைக்கூட முணுமுணுப்பாகச் சொல்கிற மனிதரா இது என்று எனக்கு ஆச்சரியம். வெளியே வந்து கேட்டேன், எதிர்ப்பக்கம் சும்மா இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று. அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "அதெப்படி ஓய் சும்மா இருக்க முடியும்? ஒருத்தர் எடுத்தா இன்னொருத்தர் முடிக்கணும். வாய் தானா வந்துடும்" என்றார்.

கடைசியில் சாற்றுமுறை. முடிவுப் பாசுரங்களை எல்லோருமாகச் சேவித்து அன்றைய ஓதலை நிறைவு செய்வது. அது ஆகாமல் ஒருவரும் நகரக்கூடாது. அதற்குப் பிறகுதான் பிரசாதம். அன்றைக்கு நான் புளியோதரைத் தொன்னையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது சம்பத் என்னைக் கிண்டல் செய்தார். "நீர் உம்ம கோயில்ல கடைசிப் பாட்டு ஆரம்பிச்ச உடனே பஸ்ஸுக்கு ஓடிப்போற ஆளாச்சே. இங்க மட்டும் முடியற வரைக்கும் நின்னீரே, புளியோதரைக்கா?" உண்மைதான். பாலக்கரை மாதா கோயிலில் பூசை முடியும் பாட்டை நான் முழுதாகக் கேட்டதே இல்லை. பாதியில் செருப்பைத் தேடுகிறவன் நான்.

சன்னிதிக்குள் பெண்கள் கோஷ்டியில் நிற்பது கிடையாது. அவருடைய மனைவி வைதேகி அம்மாள் கதவோரத் தூண் பக்கத்தில் நின்றுதான் கேட்பார். ஆனால் அவருக்கும் எல்லாப் பாசுரமும் மனப்பாடம். குழந்தைகள் இல்லாத வீடு. காலையில் சம்பத் கூடத்தில் உட்கார்ந்து பழகும்போது, சமையல் கட்டிலிருந்து தப்பைத் திருத்துகிறவர் அவர்தான். "ஏன்னா, ரெண்டாவது அடியை முழுங்கிட்டேளே" என்று குரல் வரும். சம்பத் மறுபடி சொல்லுவார். இதை நானே கேட்டிருக்கிறேன்.

ஹெவி மெட்டல் அந்த வீட்டுக்குள் வந்த கதை அரைக்கிற மாவில் ஆரம்பிக்கிறது. வைதேகி அம்மாளின் தம்பிக்கு இங்கிலாந்தில் வேலை. அவர் அக்காவுக்கு ஒரு டேப் ரெக்கார்டரும் நாலைந்து கேசட்டும் அனுப்பினார். கர்நாடக சங்கீதம் பதிந்த கேசட்டுகளோடு, அவர் குடியிருந்த வீட்டுக்காரரின் மகனுடைய கேசட் ஒன்று தவறுதலாகக் கலந்துவிட்டது. சம்பத் வீட்டில் அப்போதுதான் மின்சார கிரைண்டர் வந்திருந்தது. அது ஓடும்போது எந்தப் பாட்டும் காதில் விழாது. ஒவ்வொரு கேசட்டாகப் போட்டுப் பார்த்திருக்கிறார் அந்த அம்மாள். இது ஒன்றுதான் கேட்டது. நான் ஒரு சனிக்கிழமை போனபோது கிரைண்டரும் ஓடுகிறது, அதுவும் ஓடுகிறது. கிதார் அலறுகிறது, ஒருவன் தொண்டை கிழியக் கத்துகிறான், அம்மாள் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டு நிம்மதியாக நிற்கிறார். "என்னம்மா இது, கொலை நடக்கிற மாதிரி இருக்கே" என்றேன். அவர் சிரித்தார். "நேக்கும் ஒண்ணும் புரியலை அண்ணா. ஆனா அவா நன்னா வாயை விட்டுக் கத்தறா. யாரும் 'ஷ்'னு சொல்லலை. அது நேக்குப் பிடிச்சிருக்கு."

முதலில் சம்பத்துக்கு அது பிடிக்கவில்லை. பிறகு பழகிவிட்டது. பிறகு, இதை நான் சந்தேகத்தோடுதான் கேட்டேன், பிடித்தும் போய்விட்டது. "சத்தம்னு நினைக்காதேயும். எல்லாரும் ஒரே மூச்சுல எடுக்கறா, ஒரே மூச்சுல நிறுத்தறா. நம்ம கோஷ்டிதான் ஓய் அது, கொஞ்சம் முடி ஜாஸ்தி" என்பார். வீட்டுக்காரர் மகனிடமிருந்து இன்னும் கேசட்டுகள் வந்தன. அந்தத் தெருவில் கிரைண்டர் நாள் என்றால் என்ன நாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடைக்கு, தம்பி இருவருக்கும் விமான டிக்கெட் அனுப்புவதாக எழுதினார். ஊரைச் சுற்றிப் பார்க்கலாம் என்றிருந்தார். வைதேகி அம்மாளுக்கு ஊர் பார்ப்பதில் ஆசை இல்லை. அங்கே ஒரு மைதானத்தில் நாள் முழுக்க இந்தப் பாட்டுக்காரர்கள் எல்லோரும் வந்து பாடுகிற திருவிழா ஒன்று நடக்கும் என்று தம்பி முன்பு ஒருமுறை எழுதியிருந்தார். அது ஒன்றைப் பார்த்தால் போதும் என்றார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் தனக்கென்று கேட்ட முதல் காரியம் அதுதான் என்று சம்பத் என்னிடம் சொன்னார்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கோஷ்டியில் கடல் தாண்டியவருக்கு இடமில்லை. எழுதி வைத்த சட்டம் அல்ல, வழக்கம். எழுதிய சட்டத்தையாவது நம் ஆபீஸில் வளைக்கலாம், வழக்கத்தை வளைக்க முடியாது. கோஷ்டியின் மூத்தவரை எல்லோரும் பெரியவர் என்றுதான் சொல்வார்கள். அவர் சம்பத்தைக் கூப்பிட்டுப் பேசினார். கெட்ட மனிதர் அல்ல. "உத்தியோகமாப் போனா, உறவுக்காராளுக்கு உடம்பு சரியில்லைன்னு போனா, பிராயச்சித்தம்னு ஒண்ணு இருக்கு. பண்ணிண்டு மறுபடி நிக்கலாம். வேடிக்கை பார்க்கப் போனா அது கிடையாது. யோசிச்சுக்கும்" என்று சொல்லி அனுப்பினார். வழியையும் அவரே காட்டிவிட்டார் என்பது எனக்குப் புரிந்தது. கேன்டீனில் வைத்துச் சொன்னேன்: "மச்சினருக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டுப் போங்களேன் சாமி. யாரு போய்ப் பார்க்கப் போறாங்க?"

அவர் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "நான் உள்ள நின்னு சேவிக்கறேன். அவ இத்தனை வருஷமா தூணண்ட நின்னு கேக்கறா. ஒரு நாள்கூட முகம் சுளிச்சதில்லை. அவ ஆசைப்பட்ட இடத்துல நான் ஒரு தடவை பக்கத்துல நின்னு கேக்கறேன். அதுக்கு ஏன் ஓய் பொய் சொல்லணும்? பொய் சொன்னா அது வேண்டாத காரியம்னு ஆயிடுமே." காபி ஆறி அவலாகிவிட்டது என்று கேன்டீன்காரரிடம் எரிந்து விழுந்தேன்.

போய் வந்த கதையை அவர் எனக்குப் பஸ்ஸில்தான் சொன்னார். பாலக்கரையிலிருந்து கன்டோன்மென்ட் வரை என்ன தூரம் இருக்கிறது? ஒரு நாளைக்கு ஒரு துண்டு. அதனால் அந்தத் திருவிழா எனக்கு ஒரு மாதம் நடந்தது.

மைதானம் முழுக்கச் சேறு. தோல் சட்டையும் தோள் வரை முடியுமாக ஆயிரக்கணக்கில் இளைஞர்கள். நடுவில் இவர்கள் இரண்டு பேர். அம்மாள் புடவைமேல் ஸ்வெட்டர், அதன்மேல் தம்பியின் மழைக்கோட்டு. இவர் பேன்ட், குரங்குக் குல்லா, நெற்றியில் வழக்கம்போல் திருமண். யாரும் இவர்களை விநோதமாகப் பார்க்கவில்லையாம். அங்கே முகத்தில் வர்ணம் பூசிக்கொண்டவர்கள் நிறைய. "ஒருத்தன் வந்தான் ஓய், மூக்குல வளையம். என் நெத்தியைப் பார்த்து, இது எந்தக் குழுவோட அடையாளம்னு கேட்டான். எங்க ஊர்ல ஒரு குழு, ரொம்ப நாளா பாடிண்டிருக்கான்னேன். கேசட் கிடைக்குமான்னான். கேசட் இல்லை, எல்லாம் மனப்பாடம்னேன். கையைப் பிடிச்சுக் குலுக்கு குலுக்குன்னு குலுக்கிட்டான்."

ஸ்பீக்கர்கள் சித்திர வீதி மாடி வீட்டு உயரத்துக்கு அடுக்கியிருந்தனவாம். முதல் அடி விழுந்ததும் சத்தம் காதுக்கு வரவில்லை, நேரே வயிற்றுக்குப் போனது என்றார். வைதேகி அம்மாள் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு சுற்றி இருந்தவர்களைப் பார்த்துத் தலையை ஆட்ட ஆரம்பித்தார். பின்னல் அவிழ்ந்துவிட்டது. அதை அவர் கட்டவில்லை. பிறகு அவர்களோடு சேர்ந்து கத்தினார். சம்பத்தும் கத்தினார். இதைச் சொல்லும்போது பஸ் ஜங்ஷனில் நின்றிருந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை ஓய். கல்யாணத்துல பார்த்த பொண்ணு இவதானான்னு தோணிப்போச்சு" என்றார்.

அந்த அம்மாள் அங்கேயும் ஒரு பெரிய தூக்கு நிறையப் புளியோதரை கலந்து எடுத்துப் போயிருந்தார். திருவிழா என்றால் முடிவில் பிரசாதம் தரவேண்டும், அவர்கள் தராவிட்டால் நாமாவது தருவோம் என்று கணக்கு. மதியத்துக்கு மேல் மழை வலுத்தது. மேடையில் யாரோ மைக்கில் ஏதோ சொன்னார்கள், இவர்களுக்குப் பாதி புரிந்தது. மழை விடும்வரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டார்கள். கூட்டம் கலைந்தது. இவர்கள் கலையவில்லை. கடைசிக் குழு இன்னும் பாடவில்லை, நிறைவு ஆகவில்லை, எப்படிப் போவது? மழை விட்டு வெயிலும் வந்துவிட்டது. காலி பீர் டின்களைச் சாக்கில் பொறுக்கிக்கொண்டு வந்த தொழிலாளி இவர்களைப் பார்த்து நின்றார். எல்லாம் முடிந்துவிட்டது, மீதிக் கச்சேரி ரத்து, போகலாம் என்றார்.

"நேக்கு மனசே ஆகலை ஓய். சாத்துமுறை ஆகாம எப்படிக் கிளம்பறது? இவளும் தூக்கைத் திறக்காம நிக்கறா. சரி, தெரிஞ்சதைச் சொல்லுவோம்னு எடுத்தேன்." முன்னடியை எடுத்ததும் குரல் உடைந்துவிட்டது. காலையிலிருந்து கத்திய தொண்டை. அப்போது அந்த அம்மாள் எதிரே வந்து நின்று, அந்த முன்னடியை முதலிலிருந்து தானே எடுத்தார். இவர் உடைந்த குரலில் பின்னடி சொன்னார். அடுத்த பாசுரமும் அப்படியே. அவர் எடுக்க, இவர் முடிக்க, சாற்றுமுறை ஆயிற்று. கூடத்தில் திருத்தியிருக்கிறாரே தவிர, வாய்விட்டு அவர் எடுத்துச் சேவித்தது அதுதான் முதல் தடவை. சாக்குக்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றாராம். அம்மாள் அவருக்குப் பேப்பர் கப்பில் புளியோதரை வைத்துக் கொடுத்தார். காரமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டுவிட்டு, இன்னொரு கப் கேட்டு வாங்கினார்.

ஊர் திரும்பியதும் சம்பத் சன்னிதிக்குப் போனார். பெரியவர், நாலு பேர் கேட்கும்படி, "மச்சினருக்கு உடம்பு அசௌக்கியம்னு போனீராமே, இப்ப தேவலையா?" என்று கேட்டார். எவ்வளவு பெரிய கதவை அவர் திறந்து வைத்தார் பாருங்கள். 'தேவலை' என்று ஒரு சொல் போதும். சம்பத், "அவன் சௌக்கியமாத்தான் இருக்கான். நாங்க பாட்டுக் கேக்கப் போனோம்" என்றார். பெரியவர், "அப்போ வெளியில நின்னு சேவிச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதிலிருந்து சம்பத் தூணுக்குப் பக்கத்தில், மனைவியோடு நின்றார். "இங்கேர்ந்து நன்னாவே கேக்கறது. உள்ள நின்னப்போ நேக்கு என் குரல்தான் கேட்டது" என்று என்னிடம் சொன்னார். நல்ல வாக்கியம். அவர் அதை நம்பினார் என்றும் நினைக்கிறேன். ஆனால் நீங்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வருஷம் மார்கழி முழுக்க அவர் இருட்டு பிரிவதற்குள் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, பூட்டிய ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தார் என்று வாட்ச்மேன் சொன்னார். மார்கழியில் கோஷ்டி அவர் வீட்டு வாசல் வழியாகத்தான் போகும். அவருக்கு வலித்தது. எனக்குத் தெரியும். மாலையில் அவருக்கு என் பங்கு வடையைக் கொடுத்தேன். அவர் மறுக்காமல் சாப்பிட்டார்.

அந்தத் திங்கட்கிழமை மதியம் சித்திர வீதியில் நாம் கொஞ்சம் பேர் ஓரமாக நின்றோம். கோஷ்டியைச் சேர்ந்தவர் காலமானால் கோஷ்டி வந்து, உடலுக்கு முன்னால் பாசுரம் சேவித்துக்கொண்டு கொள்ளிடக் கரைவரை போகும். சம்பத்துக்கு வருமா? அது ஒன்றுதான் தெருவில் எல்லோர் முகத்திலும் இருந்தது. வந்தார்கள். ஆனால் கோஷ்டியாக வரவில்லை. அக்கம்பக்கத்தாராக, தனித்தனியாக வந்து எதிர்ச் சுவரோரம் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். பெரியவரும் வந்திருந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிள்ளை இல்லாததால் சம்பத்தின் உடன்பிறந்த தம்பி நெருப்புச் சட்டியை எடுத்துக்கொண்டார். தூக்கினார்கள். ஒரு சத்தம் இல்லை. வைதேகி அம்மாள் நிலைப்படியில் நின்றிருந்தார். பெண்கள் அதற்கு மேல் வருவதில்லை.

அங்கே நின்றபடி அவர் முன்னடியை எடுத்தார். அழுகை இல்லாத, முழுக் குரல். ஒரே ஒரு தடவை கேட்டிருந்த எனக்கே அது சாற்றுமுறை என்று தெரிந்துவிட்டது. முன்னடி முடிந்ததும் நிறுத்தினார். பின்னடி சொல்கிறவர் மூங்கில் பாடையில் கிடந்தார். தூக்கியவர்கள் நகரவில்லை. அம்மாள் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி காத்திருந்தார். 'வாய் தானா வந்துடும்' என்று சம்பத் எனக்குச் சொல்லியிருந்தார். வந்தது. முதலில் பெரியவரின் குரல், நடுங்கிக்கொண்டு. அடுத்த அடியில் சுவரோரம் நின்ற அத்தனை பேரும். அந்த அம்மாள் எடுக்க எடுக்க, அவர்கள் முடித்தார்கள். பிறகு பெரியவர் சுவரை விட்டு விலகி, உடலுக்கு முன்னால் போய் நின்றார். மற்றவர்களும் வரிசைக்கு வந்தார்கள். முன் வரிசையில் ஓர் ஆள் நிற்கிற இடத்தைக் காலியாக விட்டு நின்றார்கள். கொள்ளிடம் வரைக்கும் அந்த இடத்தில் யாரும் நுழையவில்லை.

நான் உருகி எழுதுகிறவன் இல்லை என்று முதலிலேயே சொன்னேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது சின்ன விஷயம். போன ஞாயிறு பாலக்கரைக் கோயிலில் கடைசிப் பாட்டு ஆரம்பித்தது. வழக்கம்போல் ஜனம் செருப்பைத் தேடி வெளியேறியது. பாடகர் குழுவிலேயே பாதி பேர் இறங்கிவிட்டார்கள். முன்னால் ஒரு கிழவி மட்டும் அடியை எடுத்துவிட்டு, துணைக்கு யாரும் இல்லாமல் திரும்பிப் பார்த்தாள். எனக்குக் குரல் கிடையாது. இருந்தாலும் அடுத்த அடியை நான் சொன்னேன். இரண்டு பேருமாக முடித்தோம். வெளியே வந்தபோது பஸ் போய்விட்டிருந்தது.